விலங்கும் வேலியும்

விடுதலை என்ற சொல் காதில் விழுந்தவுடனே கைதட்டிவிடுவது இளைஞர்களின் இயல்பு. குற்றமில்லை. கட்டுண்டு கிடந்தவர்க்கு அந்தச் சொல் இனிக்கத்தான் செய்யும். ஆயினும், கைதட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. யாருக்கு விடுதலை? எதனின்று விடுதலை? மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் அவிழ்ப்புத்தான். பயிரைக் காத்து நிற்கும் வேலியின் கட்டை அவிழ்ப்பதும் அவிழ்ப்புத்தான். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, இரண்டுக்கும் ஒரே கைதட்டலைப் பெற்றுக்கொள்பவன் கெட்டிக்காரன். ஏமாந்து நிற்பது பயிர்.

விதி என்றாலே வெறுப்புக் கொள்வோர் இருக்கின்றனர். விதி என்றாலே விழுந்து வணங்குவோரும் இருக்கின்றனர். இரு சாராரும் சிந்திக்கும் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொண்டவர்களே! பகுத்தறிவாளன் அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது யாருடைய கையைக் கட்டுகிறது, யாருடைய தலையைக் காக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில், அங்கே விதியை இயற்றுபவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர். பயனையும் கேட்டையும் நுகர்வதோ, வாக்குரிமை இல்லாத, வாய் திறந்து வழக்காட இயலாத குழந்தை.

இந்தக் கேள்வி வெட்டவெளிச்சமாக எழுந்த இடம் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலம். அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். தொலைவில் நடந்த கதைதான். ஆனால் நம் கட்சி, நம் ஆள், நம் ஊர் என்ற பற்றுதல் குறுக்கிடாத இடத்தில் நியாயத்தை நிறுத்துப் பார்ப்பது எளிது.

டெக்சாசில் பள்ளிகளை நடத்துவன 'பள்ளி மாவட்டங்கள்'. கலெக்டரின் மாவட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம், அந்த வாரியம் அமர்த்தும் கண்காணிப்பாளர், அவர்கீழ்ப் பள்ளிகள், இதுதான் அங்கே மாவட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள். 2011ஆம் ஆண்டளவில் அவற்றில் ஏறத்தாழ 50 லட்சம் மாணவர்கள். இவ்வளவு பெரிய அமைப்பை ஒரே நூலில் கோத்துப் பிடிக்க மாநில அரசு கண்ட கருவி, தேர்வு. ஆண்டுதோறும் தேர்வு, மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிக்குத் தரம், தரத்தைக் கொண்டு பாராட்டு அல்லது தண்டனை என்ற முறை அங்கே வேரூன்றியது. அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் குடியரசுத் தலைவரானதும், 2002இல் அதே முறை நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒவ்வோர் ஆண்டும் தேர்வு நடத்தியே தீரவேண்டும் என்றது அச்சட்டம். டெக்சாஸ் அதோடு நிற்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளிவர விரும்பும் மாணவன் பதினைந்து பாட இறுதித் தேர்வுகளைச் சந்திக்க வேண்டும் என்றாயிற்று. பதினைந்து!

இந்த நிலையில், கண்காணிப்பாளர்கள் 35 பேர் கூடி, பொதுக்கல்விக்குப் புதிய நோக்கு ஒன்று வேண்டும் என்று 2008இல் அறிக்கை வெளியிட்டிருந்தனர். பிள்ளை எதைக் கற்றான் என்பதை அறியப் பலவகை வழிகள் உண்டு, ஒரே நாளின் ஒரே தாளில் அவனை அடைக்கவேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2011இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 'டெக்சாஸ் உயர்திறன் பள்ளிகள் கூட்டமைப்பு' ஒன்றை நிறுவியது. மாநிலத்து மாணவர் தொகையில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் அதில் அடங்கக்கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்கள் புதிய கற்பித்தல் முறைகளையும், புதிய மதிப்பீட்டு முறைகளையும் ஆராய்ந்து, ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அறிக்கை தரவேண்டும்.

நல்ல ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஒரு சிறு குறை மட்டும் இருந்தது. புதுமை செய் என்று கட்டளையிட்ட சட்டம், பழைய விதி எதிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு அளிக்கவில்லை! நீந்திக் காட்டு, ஆனால் கரையை விட்டு இறங்காதே என்று சொன்ன கதை. புதிய மதிப்பீட்டை வகுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய தேர்வுகள் அத்தனையையும் பிள்ளைகள் எழுதியே தீரவேண்டும். அப்படியானால் ஆசிரியர் எதற்காகப் பாடம் நடத்துவார்? எந்த மதிப்பெண்ணால் பள்ளியின் பெயர் கெடுமோ, அதற்காகத்தான் நடத்துவார். அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை.

2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வியப்பானதொன்று நடந்தது. மாநிலத்தின் கல்வி ஆணையர் இராபர்ட் ஸ்காட், தேர்வுமுறைக்கே தலைவராக இருந்தவர், கண்காணிப்பாளர்கள் கூடிய மாநாட்டில் நின்று, இந்தத் தேர்வுமுறை தன் முதல் நோக்கத்தினின்றும் திரிந்து கெட்டுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டிலேயே 800க்கும் மேற்பட்ட மாவட்ட வாரியங்கள் தேர்வு ஆட்சியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றின. இடதுசாரி, வலதுசாரி என்ற வேறுபாடு அதில் இல்லை. தாய்மார்கள் திரண்டு சட்டமன்றத்துக்கு வந்தனர். 2013இல் சட்டமன்றம் பணிந்தது; பதினைந்து இறுதித் தேர்வுகள் ஐந்தாகக் குறைந்தன. அதே கூட்டத்தொடரில், கூட்டமைப்பின் விதிகளை மாற்றும் மசோதா ஒன்றும் நிறைவேறியது. கூட்டமைப்பில் சேர்ந்த மாவட்டங்களுக்கு மாநிலத் தேர்வுகளில் சிலவற்றிலிருந்து விலக்கு அளித்து, அவை மாற்று மதிப்பீட்டை உண்மையாகவே செய்துபார்க்க வழிவிடும் மசோதா அது. கீழவை ஏற்றது, மேலவை ஏற்றது. ஆளுநர் ரிக் பெரி ஏற்கவில்லை. 2013 ஜூன் திங்களில் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அதைச் சாய்த்தார்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 140 நாட்கள்தான் வழக்கமாகக் கூடுவது. கூட்டம் கலைந்து உறுப்பினர்கள் வீடு திரும்பியபின் ஆளுநர் மறுத்தால், அந்த மறுப்பை மீறி வாக்களிக்க அவையே இராது. இரு மன்றங்கள் சேர்ந்து திறந்த கதவை ஒரு மனிதர் ஒரு கையெழுத்தால் மூடினார். ஓட்டுரிமை பெற்ற நாட்டிலும் காலண்டருக்கு இத்தனை வலிமை உண்டு என்பதைத் தோழர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

சரி, மறுத்தவர் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தேர்வை ஆதரிப்போரில் ஆதிக்கக்காரர் மட்டுமே இருந்தால் நம் வேலை எளிது. ஆனால், அமெரிக்காவின் குடியுரிமை இயக்கங்கள் பல, கருப்பின மக்களுக்காகவும் குடியேறிய ஏழைகளுக்காகவும் வாதாடும் அமைப்புகள், 2015இல் கூட்டாக அறிக்கை விட்டுத் தேர்வைப் புறக்கணிக்கும் முயற்சியை எதிர்த்தன. ஏன்? 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி: பள்ளியின் மொத்தச் சராசரியைக் காட்டித் தப்பிக்கக்கூடாது, கருப்பினப் பிள்ளைகள் எப்படி, ஏழைப் பிள்ளைகள் எப்படி, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகள் எப்படி என்று பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்குமுன் பணக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண் நிழலில் ஏழைப் பிள்ளையின் அறியாமை மறைந்து கிடந்தது. கணக்கெடுக்காத துன்பம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, தேர்வு எங்களுக்கு விளக்கு; அதை அணைக்காதீர்கள் என்றனர் அவர்கள். வலுவான வாதம். இதைக் கேட்டபின்னும் தேர்வை ஒரே சொல்லில் ஒழிக என்று கூவுபவர், இருட்டில் இருந்தவனைப் பற்றி எண்ணிப்பாராதவர்.

ஆனால் விளக்கு வேறு, சாட்டை வேறு. டெக்சாஸ் இரண்டையும் ஒரே கோலில் கட்டியது. அதன் விளைவை எல் பாசோ நகரில் பாருங்கள். மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய நகரம். பத்தாம் வகுப்புத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டுதான் அங்கே பள்ளிக்குத் தரம். பள்ளியின் தரத்தை உயர்த்த மாவட்டக் கண்காணிப்பாளர் கண்ட வழி என்ன தெரியுமா? மதிப்பெண் குறையும் என்று அஞ்சத்தக்க பிள்ளைகள், பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைகள், பத்தாம் வகுப்பிலேயே இல்லாதபடி செய்வது! சிலரை ஒன்பதிலேயே நிறுத்தினர். சிலரைப் பத்தைத் தாண்டிப் பதினொன்றுக்குத் தூக்கிவைத்தனர். சிலரைப் பள்ளியைவிட்டே போகச் செய்தனர். மதிப்பெண் உயர்ந்தது; பாராட்டுக் குவிந்தது; பிள்ளைகள் காணாமற்போனார்கள். இந்தச் சூழ்ச்சிக்கும் வேறோர் ஒப்பந்த மோசடிக்குமாகச் சேர்த்து 2012இல் அந்தக் கண்காணிப்பாளர் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எந்தப் பிள்ளையைக் காட்டுவதற்காக விளக்கு ஏற்றப்பட்டதோ, அந்தப் பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும்படி சாட்டை செய்தது.

இந்தச் சாட்டை டெக்சாசில் புதிதாகத் திரித்ததல்ல. இங்கிலாந்தில் 1862இல் இராபர்ட் லோ என்பார் கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து பிள்ளையைப் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தலைக்கு எட்டு ஷில்லிங் நன்கொடை. தவறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பிடித்தம். பிள்ளை தடுமாறினால் பள்ளிக்குப் பட்டினி! கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னல்டு இதை வன்மையாக எதிர்த்தார். கற்பித்தல் இயந்திரமாகிவிடும் என்றார். நம் சென்னை மாகாணத்துக்கும் அதே சரக்கு கப்பலேறி வந்தது. தேர்ச்சிக்குத் தக்க நன்கொடை என்ற பெயரில் தொடக்கப் பள்ளிகள் அந்தத் தராசில் நிறுக்கப்பட்டன. இங்கிலாந்து 1890களில் அதைக் கைவிட்டது. கைவிட்ட நாட்டின் பிள்ளைகள் அறிவிழந்து போய்விடவில்லை.

விலக்கு அளித்தால் தரம் கெடும் என்ற அச்சத்துக்கும் சோதனை நடந்த வரலாறு உண்டு. 1933 முதல் 1941 வரை, அமெரிக்காவில் முற்போக்குக் கல்விச் சங்கத்தார் முப்பது பள்ளிகளைத் தேர்ந்தனர். ஏறக்குறைய 300 கல்லூரிகளிடம் பேசி, இந்தப் பள்ளிகளிலிருந்து வருபவரிடம் வழக்கமான நுழைவு நிபந்தனைகளைக் கேட்கவேண்டாம் என்ற இசைவைப் பெற்றனர். பள்ளிகள் தாமே பாடத்தை அமைத்துக்கொண்டன. பிறகு? விட்டுவிடவில்லை. அவற்றிலிருந்து கல்லூரி புகுந்த 1,475 மாணவர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் வயது, திறன், குடும்ப நிலை ஒத்த வேறு பள்ளி மாணவர் ஒருவரை இணையாக நிறுத்தி, கல்லூரி வாழ்வு முழுதும் ஒப்பிட்டனர். விலக்குப் பெற்ற பள்ளி மாணவர்கள் பின்தங்கவில்லை. சற்று முந்தியே நின்றனர். மிகத் துணிந்து மாறுதல் செய்த பள்ளிகளின் மாணவர்களே மிக நன்றாக நின்றனர். 'எட்டாண்டு ஆய்வு' என்ற பெயரில் 1942இல் முடிவுகள் வெளிவந்தன. உலகப்போரின் இரைச்சலில் அதைக் கேட்டவர் சிலரே.

நியூயார்க்கில் இன்றும் அப்படி ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அரசாங்கப் பள்ளிகள்தான். மாநிலம் நடத்தும் ரீஜெண்ட்ஸ் தேர்வுகளில் ஆங்கிலம் தவிர மற்றவற்றிலிருந்து அவற்றுக்கு விலக்கு. அதற்கு ஈடாக ஒவ்வொரு மாணவனும் இலக்கியக் கட்டுரை ஒன்று, வரலாற்று ஆய்வு ஒன்று, அறிவியல் சோதனை ஒன்று, கணக்கு ஒன்று செய்து, ஆசிரியரும் வெளியாரும் அமர்ந்த குழுவின்முன் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் விடைசொல்லித் தன் முடிவைக் காத்து நிற்கவேண்டும். தேர்விலிருந்து தப்பினான் என்று யார் சொல்வார்? என் வகுப்பு மாணவர்களை அப்படி நிற்கவைத்தால் முதல் நாள் பாதிப்பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் மாதம் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இனி டெக்சாசுக்குத் திரும்புவோம். சாய்க்கப்பட்ட மசோதாவுக்குப் பின் இரண்டாண்டு கழித்து, 2015இல், சட்டமன்றம் மீண்டும் கூடியது. 'புதுமை மாவட்டம்' என்ற புதிய திட்டத்தைச் சட்டமாக்கியது. இம்முறை நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை இல்லை. குறைந்த அளவுத் தரம் பெற்ற எந்த மாவட்டமும் புதுமை மாவட்டம் ஆகலாம். ஆசிரியரும் பெற்றோரும் அடங்கிய மாவட்டக் குழுவின் பெரும்பான்மை இசைய வேண்டும், வாரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், திட்டத்தை முப்பது நாள் ஊரறிய வெளியிட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆணையரின் ஒப்புதலும் தேவையில்லை. செய்தி அனுப்பினால் போதும். ஐந்தாண்டுக்குக் கல்விச் சட்டத்தின் பல பிரிவுகள் அந்த மாவட்டத்தைக் கட்டாது. ஆயிரத்துச் சொச்சம் மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்டவை பின்னாளில் இந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டன. எல்லோரும் விதிவிலக்கானபின் விதி எது என்று கேட்காதீர்கள்!

எதனின்று விலக்கு? மாநிலத் தேர்வினின்று விலக்கு உண்டா? இல்லை. மதிப்பெண்ணுக்குத் தரம், தரத்துக்குத் தண்டனை என்ற முறையினின்று விலக்கு உண்டா? இல்லை. கண்காணிப்பாளர்கள் எந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி 2008 முதல் கேட்டார்களோ, அந்தக் கட்டு அப்படியே இருந்தது. அவிழ்க்கப்பட்டவை வேறு. ஆகஸ்டு மாதத்து நான்காம் திங்கட்கிழமைக்கு முன் பள்ளி திறக்கக்கூடாது என்றொரு விதி உண்டு, அதிலிருந்து விலக்கு. இதைத்தான் மாவட்டங்கள் மிகுதியாகப் பயன்படுத்தின. அந்த விதியே சுற்றுலாத் தொழிலினரின் வசதிக்காக வந்தது. போனதில் யாருக்கும் வருத்தமில்லை, கடற்கரை விடுதிக்காரரைத் தவிர. ஆனால் பட்டியல் அதோடு முடியவில்லை. வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற விதி, ஆசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி, ஆசிரியரின் பணி ஒப்பந்தம் பற்றிய விதி ஆகியவற்றிலிருந்தும் விலக்குப் பெறலாம்.

வகுப்பின் அளவு பற்றிய விதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் ஆளுநர் மார்க் வைட், பெருஞ்செல்வர் இராஸ் பெரோவின் தலைமையில் குழு அமைத்துக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிறு வகுப்புகளில் 22 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று அது தொடங்கிவைத்த வரம்பு, பாலர் வகுப்பு முதல் நான்காம் வகுப்புவரை நிலைபெற்றது. பாடத்தில் தேறாதவன் பந்தாட்டக் குழுவில் ஆடக்கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில்தான். கால்பந்தைத் தெய்வமாகக் கொண்டாடும் மாநிலம் அதை மன்னிக்கவில்லை. 1986 தேர்தலில் வைட் தோற்றார். ஓர் ஆளுநரின் பதவியைப் பலியாகப் பெற்ற சட்டத்தின் விதி அந்த 22. அதை மீறவேண்டுமானால் முன்பெல்லாம் ஆணையரிடம் மனுப்போட்டு இசைவு பெறவேண்டும், பெற்றோருக்கும் அறிவிக்கவேண்டும். பலர் மனுப்போட்டு இசைவும் பெற்றனர் என்பது உண்மையே. ஆனால் மனுப் போடுகிறபோது ஒரு கூச்சம் இருந்தது, கேட்பாரும் இருந்தனர். புதுமைத் திட்டத்தில் எழுதிக்கொண்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

வகுப்பில் 22 பேருக்கு மேல் இருந்தால் என்ன என்று நம்மவர் சிரிக்கக்கூடும். ஐம்பது பிள்ளைகளின் முன் நின்று நாள்தோறும் தொண்டை கட்டிக்கொள்பவன் நான். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எண்ணிப்பார்த்தேன். ஐம்பது பேர் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளையை எனக்குத் தெரியும். குறும்பு செய்யும் பிள்ளையையும் தெரியும். குறும்பும் செய்யாமல், கையும் தூக்காமல், புரியாததைப் புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எப்போது தெரிந்துகொள்கிறேன்? ஆண்டிறுதித் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான். அந்தப் பிள்ளைக்காக வந்தது அந்த 22. அதை அவிழ்ப்பதில் புதுமை எங்கே இருக்கிறது? நெருக்கி உட்காரவைப்பது உலகின் மிகப் பழைய முறை.

சான்றிதழ் பற்றி இன்னும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. தாள் ஒன்று கையில் இருப்பதால் ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை என்பது மெய். நானே அப்படிச் சிலரைக் கண்டிருக்கிறேன். பட்டறையில் முப்பதாண்டு உழைத்த தச்சரை அழைத்து மரவேலை கற்பிக்கச் சொல்லச் சான்றிதழ் தடையாக இருந்தால், அந்தத் தடையை நீக்கத்தான் வேண்டும். திட்டத்தை ஆதரித்தவர்கள் அந்தத் தச்சரைத்தான் காட்டினார்கள். நடந்தது என்ன? 2023-24ஆம் கல்வியாண்டளவில் டெக்சாசில் புதிதாக அமர்த்தப்பட்ட ஆசிரியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சான்றிதழ் இல்லாதவர். மரவேலைக்கு மட்டுமன்று, தொடக்கப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்பிக்க! கொரோனா நோய்க்காலத்துக்குப் பின் ஆசிரியர் பலர் வேலையைவிட்டுப் போயினர். ஊதியத்தை உயர்த்தி அவர்களை நிறுத்திவைப்பது செலவு. விதியைத் தளர்த்தி யாரையேனும் நிறுத்துவது சிக்கனம். சிக்கனத்துக்குப் புதுமை என்று பெயர் சூட்டினர். 2024இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, பள்ளி அனுபவமும் இல்லாமல் சான்றிதழும் இல்லாமல் புதிதாய் வந்த ஆசிரியரிடம் பயின்ற பிள்ளைகள், படிப்பில் நான்கு மாதம், கணக்கில் மூன்று மாதம் பின்தங்கினர் என்று கணக்கிட்டது. ஆண்டுக்குப் பத்து மாதமே பள்ளி. அதில் நான்கு மாதம் களவு போயிற்று. திருடியவர் யார் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது? ஆசிரியர்மேல் எழுதலாமா? அவர் வேலை கேட்டார், கொடுத்தார்கள்.

விலக்குக்குக் கையெழுத்திட்டவர் ஒருவர். விலக்கு பொய்த்தால் இழப்பவர் இன்னொருவர். நான் கேட்பது இந்த இடத்தில்தான். எட்டாண்டு ஆய்வில் முப்பது பள்ளிகள் விலக்குப் பெற்றன. ஆனால், பெற்ற விலக்குக்குக் கணக்குக் கொடுக்க 1,475 இணைகளை அமைத்து உழைத்தனர். நியூயார்க்கில் விலக்குப் பெற்ற மாணவன் குழுவின்முன் நிற்கிறான். அவனை நிற்கவைத்த ஆசிரியரும் அவனோடு நிற்கிறார். கூட்டமைப்புக்கு 2013இல் மறுக்கப்பட்ட விலக்கும் இந்த இனத்தைச் சேர்ந்தது: வரம்புக்குள் சிலர் செய்துபார்ப்பது, கண்டதை எல்லோருக்கும் சொல்லுவது, நன்மையானால் எல்லோரும் கொள்ளுவது. 2015இல் தாராளமாக வழங்கப்பட்டதிலோ, செய்துபார்ப்பது உண்டு, சொல்லுவது இல்லை. இத்தனை மாவட்டங்கள் இத்தனை விதிகளை நீக்கினவே, எந்த நீக்கத்தால் எந்தப் பிள்ளை என்ன பெற்றான் என்று ஒப்பிட்டுச் சொல்லும் கடமையைச் சட்டம் அந்த வாரியங்கள்மீது சுமத்தவில்லை. சோதனை என்று பெயர். சோதனைக்குரிய குறிப்பேடு மட்டும் இல்லை. அறிவியல் பயின்ற எந்த மாணவனும் இதற்கு மதிப்பெண் போடமாட்டான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கூட்டமைப்பின் பெயரிலேயே 'உயர்திறன்' என்றிருந்தது. புதுமை மாவட்டத்துக்கும் தரம் குன்றாமை நிபந்தனை. நன்றாக நடப்பவனுக்கு நடக்கும் உரிமை. தடுமாறுகிறவனுக்குக் கூடுதல் கட்டு! பரிசாக வழங்கப்படுவதற்கு உரிமை என்ற பெயர் பொருந்தாது, அது சலுகை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த, பழைய முறையால் பலமுறை தோற்ற பள்ளிக்குத்தான் புதுமுறை முதலில் தேவை. அவர்களுக்குக் கிடைத்தது என்ன? மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டம் ஹூஸ்டன். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். அங்கே ஒரு பள்ளி பல ஆண்டுகள் குறைந்த தரம் பெற்றதைக் காரணம் காட்டி, 2023 ஜூனில் மாநிலம் மாவட்டம் முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஊரார் தேர்ந்த வாரியம் ஒதுக்கப்பட்டது. ஆணையர் அமர்த்திய வாரியம் வந்தது. அந்தப் பள்ளியின் தரம் அதற்குள் உயர்ந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டு திசம்பரில், அமர்த்தப்பட்ட அந்த வாரியம் வாக்களித்து ஹூஸ்டனைப் புதுமை மாவட்டமாக்கிற்று. உள்ளூர் மக்களின் விருப்பப்படி விதியைத் தளர்த்திக்கொள்ள வந்த சட்டம், உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்காத வாரியத்தின் கையில் கருவியாயிற்று!

2025இல் டெக்சாஸ் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, அடிப்படைப் பாடங்களில் சான்றிதழற்ற ஆசிரியரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும், ஆசிரியர் ஊதியத்தை உயர்த்தவும் வழிசெய்தது. புதுமை மாவட்டம் என்ற பெயரைக் காட்டி அந்தப் பாடங்களில் இனித் தப்ப முடியாதபடி பிரித்த வேலியின் ஒரு பக்கத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள். மற்றொன்று, பழைய பெருந்தேர்வை நீக்கி, ஆண்டின் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலுமாக மூன்று சிறு தேர்வுகளை 2027-28ஆம் கல்வியாண்டு முதல் வைக்கச் சொல்கிறது. பள்ளிகளுக்குத் தரமிடுவது நிற்கவில்லை; ஆண்டுக்கு ஒருமுறை ஓங்கிய சாட்டை மூன்றாகப் பகுக்கப்பட்டதா, அல்லது மாணவன் தடுமாறும் இடத்தை ஆசிரியருக்கு உடனே காட்டும் விளக்காக மாறிற்றா என்பது, அந்த மதிப்பெண்களை மாநிலம் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

தண்டனை இல்லாத விளக்கு நடைமுறைக்கு ஒவ்வாது என்பார் இருக்கின்றனர். அவர்கள் நாட்டிலேயே அது நடக்கிறது. 'தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு' என்று ஒன்று 1969 முதல் அமெரிக்கா முழுவதும் நடந்து வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் அதை எழுதுவதில்லை. மாதிரிக்குச் சிலரைத் தேர்ந்து எழுதச் செய்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் சொல்வதில்லை, எந்தப் பள்ளிக்கும் தண்டனை இல்லை. ஆயினும் கருப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் இடையே கிடக்கும் பள்ளம் எத்தனை ஆழம் என்பதை அந்நாடு அறிந்துகொள்வது பெரிதும் அதன்மூலந்தான். அதில் மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்ட எந்தக் கண்காணிப்பாளரும் எந்தப் பிள்ளையையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. 2013இல் கூட்டமைப்பின் மாவட்டங்களை இப்படி மாதிரியெடுத்து ஒப்பிட்டிருந்தால், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேர்வை மாற்றச் சட்டமன்றம் கூடியபோது, உறுப்பினர்கள் கையில் ஊகத்துக்குப் பதில் கணக்கு இருந்திருக்கும்.